புதுப்பிப்பு: வளாகச் சிற்றாலயத்தின் கண்ணாடி விரிசல்
பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் 1950களின் எஃகு-கண்ணாடிச் சிற்றாலயத்தில், கண்ணாடிகள் கீழ் விளிம்பில் மட்டும் விரிசல் விடுவதை முன்பு எழுதியிருந்தேன். கோளாறு கண்ணாடியில் இல்லை, அடிச்சட்டத்தில். தேங்கிய நீரில் எஃகு துருப்பிடித்து, துரு பல மடங்கு உப்பி, கண்ணாடியை நெம்புகிறது. மேலே சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசினால் நீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சட்டத்தின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே சுரண்டவும். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றைக்கே துத்தநாக பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். ஓர் இரவு விட்டாலும் மெல்லிய செந்துரு படர்ந்து, பிரைமர் தோலாக உரியும்.

புதுக் கண்ணாடி எஃகின்மேல் நேராக உட்காரக் கூடாது. அகலத்தின் கால், முக்கால் புள்ளிகளில் இரண்டு நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) கட்டைகள் போதும். அடிச்சட்டத்தில் நீர் வெளியேறும் வடிகால் துளைகளைக் கட்டை மறைத்தால் மறுபடியும் துருதான்.