அமெச்சூர் நெடுநேர பைக் பந்தய விதிகள்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பொழுதுபோக்காக பைக் ஓட்டுபவர்களுக்கான ஆறு மணி நேரப் பந்தயம் ஒன்றுக்கு விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்துள்ளதால், அனுபவமுள்ளவர்களின் உதவியை நாடுகிறேன்.

என்னை மிகவும் உறுத்துவது பிட் நிறுத்தம்தான், அதாவது எரிபொருள் நிரப்பவோ பழுது பார்க்கவோ பந்தயத்தின் நடுவே பைக்கை நிறுத்துவது. ஜப்பானில் 1978 முதல் நடைபெறும் சுசூகா 8 மணி நேர பைக் பந்தயம் போன்றவற்றில், தொழில்முறை அணிகள் சில விநாடிகளிலேயே எரிபொருள் நிரப்பிச் சக்கரங்களையும் மாற்றிவிடுகின்றன. அவ்வளவு விரைவாக வேலையை முடிக்கும் கருவிகளை வாங்கக்கூடிய அணியோடு கேனும் புனலும் மட்டுமே வைத்திருக்கும் அணி மோதினால், பாதையில் ஈட்டிய முன்னிலையைப் பெட்ரோல் ஊற்றும்போதே இழந்துவிடும். ஆகவே, எஞ்சினை அணைத்து, ஓட்டுபவர் இறங்கிய பின்னரே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு நிறுத்தமும் குறைந்தது ஐந்து நிமிடம் நீடிக்க வேண்டும் என்றும் வரையறுக்க எண்ணுகிறேன். அவசரத்தில் பெட்ரோல் சிந்தித் தீப்பிடிக்கும் அபாயமும் இதனால் குறையும். மெக்கானிக்குகளின் வேகமும் பந்தயத்தின் சுவைதானே என்று சிலர் வருந்துகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் திறனைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால், வேகமான அணிக்குக் கூடுதல் எடை ஏற்றுவது உழைப்பைத் தண்டிப்பதாகவே தோன்றுகிறது.

குறைந்தபட்ச நிறுத்த நேரத்தை நடைமுறைப்படுத்தியவர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள், அதை எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள், பஞ்சர் போன்ற பழுதுக்கான நிறுத்தத்துக்கும் அது பொருந்தியதா என்பதை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.