'ஷூவில் போட்டார்கள்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அமெரிக்கக் கைதி ஒருவரின் கட்டுரை. 'என்னை ஷூவில் போட்டார்கள்' என்று ஒரு வரி. செருப்பைத் தேடிக்கொண்டு நான் அடுத்த பத்திக்கே போய்விட்டேன்! அப்புறம்தான் புரிந்தது, 'ஸ்பெஷல் ஹவுசிங் யூனிட்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். நாளுக்கு 22, 23 மணி நேரம் பூட்டியே வைக்கும் பிரிவு.

நியூயார்க் கைதிகள் இதையே 'பாக்ஸ்' என்கிறார்கள். பழைய பெயர் 'ஹோல்'. 1934 முதல் 1963 வரை இயங்கிய அல்கட்ராஸ் சிறையில் டி பிளாக் இருட்டறைகளுக்கு அந்தப் பெயர்தான். பிரிட்டனில் 'சோக்கி' என்றும் ஒரு சொல் உண்டு. அது இந்தி 'சௌக்கி'யிலிருந்து கப்பலேறிப் போனதாம்!

சரி, என் சிக்கல் இதுதான். 'தனிமைச் சிறை' என்று எழுதினால் நீதிபதி பேசுவதுபோல இருக்கிறது. 'ஹோல்' என்பதற்குப் 'பொந்து' சரியா, 'இருட்டுக் கொட்டடி' சரியா? நம்மூர்ச் சிறைகளில் கைதிகளே புழங்கும் சொல் ஏதாவது உண்டா? வழக்கறிஞர்கள், சிறைத்துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பிரதியை அனுப்ப வேண்டும்.