அக்ரீயபிள் கிரேயா, ரெபோஸ் கிரேயா?

கேள்வி:
கூடத்துக்கும் அதையொட்டிய நடைவழிக்கும் ஒரே நிறம் அடிக்கப் போகிறோம். ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் கம்பெனியின் அக்ரீயபிள் கிரே (7029), ரெபோஸ் கிரே (7015) இரண்டில் வந்து நிற்கிறேன். சின்ன அட்டைகளைப் பத்து நாளாகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று பிடிக்கிறது, விளக்கு போட்டதும் மற்றது. கூடத்தில் நேர் வெயில் விழாது. தரை தேன் நிற மரம். நிஜமாகவே இவற்றுக்குள் வித்தியாசம் இருக்கிறதா?

பதில் 1:
இருக்கிறது, ஆனால் வெளுப்பில் இல்லை. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதை எல்ஆர்வி என்று சொல்வார்கள்: 0 கறுப்பு, 100 வெள்ளை. அக்ரீயபிளுக்கு 60, ரெபோஸுக்கு 58. அந்த 2 கண்ணில் படாது. படப்போவது அண்டர்டோன்தான், அதாவது நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் சாயல். அக்ரீயபிள் பீஜ் (மணல் நிறம்) பக்கம் சாயும். ரெபோஸ் சாம்பலாகவே நிற்கும், சில வெளிச்சத்தில் லேசாக ஊதா எட்டிப் பார்க்கும்.

என் படுக்கையறையும் நேர் வெயில் வராததுதான். ரெபோஸ் அடித்தேன். மேகம் மூடிய நாளில், வெள்ளைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் அந்த ஊதா எனக்கு நன்றாகவே தெரிந்தது. வெள்ளை வெளிச்சம் தரும் 4000 கெல்வின் பல்பைக் கழற்றி, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 போட்டேன். ராத்திரி சரியாகிவிட்டது, பகல் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் தரை வேறு ஆரஞ்சுச் சாயல். அதன் பக்கத்தில் எந்தச் சாம்பலும் இன்னும் நீலமாகத் தெரியும். நான் அக்ரீயபிள் என்பேன்.

முடிவெடுக்கும் முன் பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, நன்றாகக் காயவிடுங்கள். பழைய சுவரிலேயே அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றிவிடும்.

பதில் 2:
வெயில் கொட்டும் அறை என்றால் நான் எதிர்க்கட்சி. எங்கள் சமையலறையில் அக்ரீயபிள் அட்டை மதியத்தில் முழு பீஜாகிவிட்டது. அங்கே ரெபோஸ்தான் அழகு.

கேட்டவர்:
அட்டை அடித்துப் பார்த்தேன். தரையோடு சேர்த்து நிறுத்தியதும் ரெபோஸ் நீலமாகப் போய்விட்டது, பத்து நாள் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது! கூடத்துக்கு அக்ரீயபிள்தான். நடைவழியில் ஜன்னலே இல்லை, முழுக்க விளக்கு வெளிச்சம். அங்கே இன்று ராத்திரி அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு டின் வாங்குகிறேன்.