மிச்சத் துணியில் பொம்மை உடை: தைத்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கொலுப்படி, மயிலாடுதுறை

புரட்டாசி பிறக்க இன்னும் இரண்டு வாரம்தான். நேற்று நவராத்திரிக் கொலுவுக்காகப் பரணிலிருந்து மரப்பாச்சிப் பெட்டியை இறக்கினேன். போன வருஷம் கட்டிய உடையை அவிழ்த்தால், ஆண் பொம்மையின் வேட்டியில் பூச்சி அரித்து மூன்று ஓட்டை. சரி, இந்தத் தடவை இரண்டுக்கும் புதிதாகவே தைத்துவிடலாம் என்று துணிப்பையைத் தரையில் கவிழ்த்தேன். ஜாக்கெட் வெட்டிய மிச்சம்தான் எல்லாம். அக்குள் பக்கத்துப் பிறைத் துண்டுகள், கழுத்து வளைவில் விழுந்த அரைவட்டங்கள், ஒரு விரல் அகலத்துக்கு நீளநீளமாக பார்டர் நறுக்குகள். எங்கள் தெருமுனை டெய்லர் கொடுத்தவை.

அவரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், அம்மா சீரோடு கொடுத்த செம்மரத்து ஜோடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பத்து அங்குல உயரம். "இதுக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுத் தருவீங்களா பாய்?" என்று கேட்டேன். அவர் டேப்பைத் தொடவில்லை. ஒரு நூலை உருவி, பொம்மையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை உடம்போட ஒட்டியே செதுக்கியிருக்கேம்மா, இதுக்குள்ள கைத்துணிய எப்படி நுழைப்பே?" என்றார். நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

"மனுஷருக்குத் தைக்கிறத அப்படியே சின்னதாக்கினா பொம்மைக்கு வராது. ஆளு சின்னதாகும், துணியோட கனம் சின்னதாகாதும்மா." இதைச் சொல்லிவிட்டு, மெஷினுக்கு அடியில் கிடந்த கோணிப்பையிலிருந்து இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். நீயே கையால் தைத்துப் பழகு என்றார். காசு வாங்கவில்லை.

அவர் சொன்னது புடவை கட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்தேகால் அடிப் பெண் ஐந்தரை மீட்டர் கட்டுகிறாள். அதே கணக்கில் பத்து அங்குலப் பொம்மைக்கு 34 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் வருகிறது. அப்படியே வெட்டிக் கொசுவம் வைத்தேன். இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் பட்டு புடைத்து நின்றது. இப்போதெல்லாம் 22 அங்குலத்தோடு நிறுத்திவிடுகிறேன். கொசுவம் மூன்று போதும். முந்தானையைத் தனித்துண்டாக வெட்டித் தோளில் நாலு தையல் போட்டுத் தொங்க விடுவேன். பார்டர் அரை அங்குலத்தைத் தாண்டினால் பார்டர்தான் தெரியும், புடவை தெரியாது. ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ஒரு துண்டு, முதுகில் நூல் முடிச்சு. கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஊசி போகிற அளவுக்குச் சந்து இருக்கிறது. கைத்துணியை அதன் வழியாகச் சுற்றி அங்கேயே தைத்து முடிப்பேன். பசை போடுவதை அடியோடு விட்டாயிற்று. மரத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது, அடுத்த வருஷம் உரித்தால் ஜரிகை கையோடு வருகிறது.

இந்த வருஷம் ஒரு சிக்கல். என் அத்தையின் கூறைப்புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பீரோவில் கிடக்கிறது. அரக்கு நிறம். அதில் ஒரு முழம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "கட்டின துணியப் போயி மரப்பாச்சிக்குக் கட்டுவாங்களா? கலசத்துக்குப் பக்கத்துல நிக்கிறது. கோடியாத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். பாய் தரும் நறுக்கு உள்ளங்கை அகலம்தான் என்றாலும் யாரும் உடுத்தாதது, அதனால் அது கோடி. உடுத்திய கூறை ஆகாதாம். உங்கள் வீடுகளில் எப்படி?


வைகைக்கரை, மதுரை

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. என் மகளின் பார்பிக்குத் தைக்கத் தொடங்கித்தான் இந்த ஆசை பிடித்தது. பதினொன்றரை அங்குலப் பொம்மை, ஆளில் ஆறில் ஒரு பங்கு. மரப்பாச்சிக்குத் தைத்தால் ஒன்பது நாளும் அசையாமல் நிற்கும். குழந்தையின் பொம்மைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உடை மாற்றுவார்கள், அதற்குத் தகுந்தபடி தைக்க வேண்டும். முதுகு கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை திறந்தே இருக்க வேண்டும். வெல்க்ரோ வைத்தால் பொம்மையின் முடி அதில் சிக்கிக்கொள்கிறது, அதனால் சின்ன டிச் பட்டன். கை விரல் துணியில் மாட்டி இழை இழுக்கிறதா? சின்ன பிளாஸ்டிக் துண்டை உறைபோலக் கைக்கு மாட்டிவிட்டு உடையைப் போடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். சட்டை, பேன்ட் மாதிரிக்கெல்லாம் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் ராஜா. கிலோக் கணக்கில் கிடைக்கிறது, இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் பிசிறு பிரியாது.

நான் சொல்ல வந்தது வைகை எக்ஸ்பிரஸில் நடந்தது. சென்னைக்குப் போகும்போது மடியில் துணியை வைத்துப் பாவாடை வெட்டிக்கொண்டிருந்தேன். சுங்குடிப் புடவையின் பழைய துண்டு அது. எதிர் ஸீட்டில் ஒரு பாட்டி, மதுரையிலேயே ஏறியவர். நான் வெட்டுவதைக் கொடைரோடு வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி, "அதக் குடு தாயி" என்றார்.

கத்தரிக்கோலைத் தரச் சொல்கிறார் என்று நினைத்தேன். துணியைத்தான் வாங்கினார். ஓரத்தில் நகத்தால் ஒரே ஒரு இழையைக் கிளப்பினார். வலது கையால் அந்த இழையை மெல்ல இழுக்க, இடது கை துணியைச் சுருக்கிச் சுருக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. இழை அறுபடாமல் முழுசாக வெளியே வந்துவிட்டது. துணியை நீவி என் கண் முன்னால் பிடித்தார். இழை போன இடத்தில் முடியளவு மெல்லிய ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதைவிட நேராக. "இது மேலயே வெட்டு. கோணாது" என்றார்.

பொம்மைத் துணியில் கால் அங்குலம் கோணினாலும் பாவாடை ஒரு பக்கம் ஏறி நிற்கும். பத்து வருஷமாகப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தும் எனக்கு இது வந்ததில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட கை இது" என்று விரலைக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. நூலால் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுச் சாயத்தில் முக்குவது, சாயம் ஏறாத முடிச்சு வெள்ளைப் பொட்டாக நிற்பது. வீட்டில் உட்கார்ந்து போட்டதாம். என் துண்டைப் பார்த்துவிட்டு, "பொட்டு பெருசு. இந்தக் குட்டிக்குப் பாவாடையில அஞ்சு பொட்டுதான் விழும். ஓரத்துல சின்னப் பொட்டா இருக்கு பாரு, அத எடு" என்று வேறு சொல்லிக் கொடுத்தார். பெயர் கேட்காமல் இறங்கிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

கட்டின துணி, கோடித் துணி என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. என் மகளுக்கு அவள் சின்ன வயதில் போட்ட கவுனில் தைத்ததுதான் ரொம்பப் பிடிக்கும்.


கத்திரி, ஈரோடு

கொலுப்படி அக்கா, உங்கள் அத்தை சொல்வதில் எனக்கு உடன்பாடு. எங்கள் அப்பா டெய்லர், இப்போது கடையை நான் பார்க்கிறேன். ஆடி மாதம் அம்மனுக்குச் சின்னப் பாவாடை தைத்துத் தரச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். வீட்டில் வைத்துக் கும்பிடும் ஒரு சாண் விக்கிரகத்துக்கு, கலசத்துக்கு, படத்துக்கு. அப்பா அதற்கு மட்டும் கட் பீஸ் மூட்டையைத் தொட மாட்டார். துணிச் சுருளிலிருந்து புதிதாகக் கிழிப்பார். மிச்சத் துணி புதுசுதானே அப்பா என்று ஒருமுறை கேட்டேன். "அது இன்னொருத்தருக்குன்னு வெட்டினதுல மிஞ்சினதுடா. சாமிக்குன்னு வெட்டணும்" என்றார். அவர் கணக்குப்படி பாய் கொடுத்த நறுக்குகூட சாமிக்கு ஆகாது.

ஆனால் மரப்பாச்சி சாமியா, பொம்மையா? கொலு முடிந்ததும் குழந்தைகள் கையில் கொடுத்து விளையாட விடுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த மரத்தை இழைத்துக் குழந்தைக்குப் பூசுகிற பாட்டிகளும் உண்டு. நான் பொம்மை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அத்தை கலசத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு அது வேறு.

தைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மெஷினில் தைப்பதானால் 11-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஜாக்கெட் தைக்கும் 16-ஆம் நம்பரோடு பட்டு நறுக்கில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குத்தும் ஓட்டையாகத் தெரியும். தையலையும் நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துவிட்டு, அப்புறம் பாதியை வெட்டிவிட வேண்டும். முதலிலேயே குறைத்து வெட்டினால் தைப்பதற்குள் பிசிறிவிடும்.


செராங்கூன் சாலை, சிங்கப்பூர்

இங்கே பள்ளிகளில் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். மகனின் வகுப்புக்கு நாலு பொம்மைக்கு உடை தைத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். பாவாடை தாவணிக்கு டெக்கா சென்டர் மாடித் தையல்கடையில் ஒரு அக்கா பை நிறையத் துண்டு கொடுத்தார். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங்குக்குத் துணி இல்லாமல் திண்டாடியபோது, லிஃப்டில் என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்த அடுத்த வீட்டு மலாய் மக்சிக் (அத்தை மாதிரி) விசாரித்தார். அன்று சாயங்காலமே கதவைத் தட்டி, பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி) துண்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். பெரிய பூ, சின்னப் பூ என்று அவரே தனித்தனியாகப் பிரித்து மடித்திருந்தார். நாலிலும் சுலபம் பாஜு குரோங்தான், தளர்வாக விழுவதால் அளவு கொஞ்சம் தப்பினாலும் தெரியாது. சீனப் பெண்களின் சியோங்சாம் உடைக்குக் கழுத்துப்பட்டி மூன்று தடவை பிரித்துத் தைத்தும் நிற்கவில்லை. கடைசியில் உள்ளே சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒரு துணுக்கு வைத்த பிறகுதான் நிமிர்ந்தது. அந்த டின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இப்போது ஊசி நூல் எல்லாம் அதில்தான்.


கொலுப்படி, மயிலாடுதுறை

எல்லோருக்கும் நன்றி. இழை உருவும் வித்தையை அன்றைக்கே செய்து பார்த்தேன். பருத்தியில் முதல் தடவையே வந்தது, பட்டில் மூன்று இடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தில் அடுத்த நுனியைப் பிடித்துத் தொடர்ந்தால் சரியாகிவிடுகிறது.

வியாழக்கிழமை ஒன்று நடந்தது. பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடுத்துக்கொள்கிறோம் என்று மைக் கட்டிய வண்டி தெருவுக்கு வந்தது. அத்தை நாலு புடவையைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தார்கள், கூறைப்புடவையும் அதில் ஒன்று. வண்டிக்காரர் முந்தானை ஓரத்தைப் பிடித்து நகத்தால் ஜரிகையைச் சுரண்டினார். கறுத்துப் போயிருந்த இழை பிரிந்து உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது. "நல்ல வெள்ளி ஜரிகைம்மா" என்று தராசை எடுத்தார். பட்டு நூலில் வெள்ளியைச் சுற்றித் தங்கம் ஏற்றிய பழைய ஜரிகை அது. புடவையை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள்.

எரிப்பார்கள் என்பது அத்தைக்குத் தெரியாது போலிருக்கிறது. வண்டிக்காரரிடமே கேட்டார்கள். அவரும் ஒளிக்காமல் சொன்னார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மூன்று புடவையை எடை போடச் சொல்லிவிட்டு, கூறையை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வண்டி போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு படிக்கு நடுவுல குழந்தைங்க பொம்மை வப்பியே, அதுக்கு வேணா கட்டு. மரப்பாச்சிக்குக் கோடியே இருக்கட்டும்" என்றார்கள். எனக்கு அது போதும்.

இப்போது துணி என் முன்னால் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வருஷத்துப் பட்டு. மடித்த இடமெல்லாம் சருகுபோல் விரிசல் விட்டிருக்கிறது, விரலால் அழுத்தினால் பொடிகிறது. மடிப்புக்கு நடுவில் நல்ல துண்டாக ஒரு சாண் அகலத்துக்குத் தேறும். கத்திரி தம்பி, இதை எப்படித் தைப்பது?


கத்திரி, ஈரோடு

அக்கா, மெஷின் பக்கமே போகாதீர்கள். தண்ணீரிலும் நனைக்க வேண்டாம். வெள்ளை மல் துணி கால் மீட்டர் வாங்கி ஒரு தடவை நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். பட்டை அதன் மேல் பரப்பி, அதே நிறப் பட்டு நூலால் ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். நூலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. வெட்டுவது அதற்கு அப்புறம். அப்போது ஊசி மல் துணியைப் பிடித்துக்கொள்ளும், பட்டின் மேல் பாரம் விழாது. கொசுவம் வைக்காதீர்கள், மடித்தால் மறுபடி அங்கேயே விரியும். சுற்றிக் கட்டுகிற மாதிரியே விடுங்கள்.


கொலுப்படி, மயிலாடுதுறை

மல் துணி வாங்கியாயிற்று, நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துத் தர அத்தையே உட்காருகிறேன் என்கிறார்கள். காலையில் தொடங்குகிறோம்.