இரண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கிற வெள்ளைக்கு தமிழ்ல என்ன பேர்?

கோத்தகிரியிலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை முதலாண்டு பிள்ளைங்களுக்கு படக்கதை வகுப்பு எடுக்கிறேன். எட்டு பக்கக் குறிப்பு ஒண்ணு தமிழ்லயே அடிச்சுக் குடுக்கணும், வியாழன் மதியத்துக்குள்ள ஊட்டி பிரஸ்ஸுக்கு ஃபைல் போயாகணும். பேனலுக்கு கட்டம், பலூனுக்கு பேச்சுக்குமிழ், ஸ்ப்ளாஷ் பேஜுக்கு முழுப்பக்கப் படம்னு போட்டாச்சு. மாட்டிக்கிட்டது கட்டர்ல (gutter), அதான் ரெண்டு கட்டத்துக்கு நடுவுல விடற வெள்ளை இடம். மொழிபெயர்ப்புக் கருவியில போட்டா சாக்கடைன்னு வருது.

பாடத்துக்கு எடுத்துக்கிட்டது இன்வின்சிபிள். ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003ல ஆரம்பிச்சு 2018ல 144 இதழோட முடிஞ்ச கதை. முதல் 7 இதழ் கோரி வாக்கர் வரைஞ்சது, 8லேர்ந்து ரயன் ஆட்லி. பூமியைக் காப்பாத்தற பெரிய வீரர்னு நினைச்ச அப்பா, உண்மையில வில்ட்ரம் கிரகத்துக்காக பூமியைப் பிடிக்க வந்தவர்னு மகன் மார்க்குக்கு தெரிய வருது, மகன் ஒத்துக்க மாட்டேங்கிறான், அப்பா சாகற அளவுக்கு அடிக்கிறார். ரத்தம், பல்லுன்னு ஆட்லி ஒண்ணையும் விட்டுவைக்கல. ஆனா இந்த மாதிரி கதையில பல அடி படத்துலயே இருக்காது, கை ஓங்கறது ஒரு கட்டம், ஆள் விழுந்து கிடக்கிறது அடுத்த கட்டம், நடுவுல அந்த வெள்ளையில அடியைப் போடறது படிக்கிற நாமதான். இதை பிள்ளைங்களுக்கு பேர் வச்சு சொல்லணும்.

ஊட்டியிலிருந்து, திங்கள் இரவு

நான் டிடிபி பண்றவ, அதனால சொல்றேன், கட்டர்னே போட்டுடாதீங்க டீச்சர். எங்களுக்கு கட்டர்னா ரெண்டு பத்திக்கு நடுவுல விடற இடம், பைண்டிங்ல உள்ள போற மார்ஜினும் அதான், பேப்பர் வெட்டற மிஷினும் கட்டர்தான். இடைவெளின்னு போட்டு முடிங்க, யாருக்கும் புரியும்.

கூடலூரிலிருந்து, செவ்வாய் காலை

இடைவெளி தப்பில்ல அக்கா, ஆனா அது எல்லாத்துக்கும் பொது, எழுத்துக்கு நடுவுலயும் இடைவெளிதான். எங்கம்மா டான்டீயில, அதான் அரசு தேயிலைத் தோட்டத்துல, கொழுந்தெடுத்தவங்க, 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்லேர்ந்து வந்த குடும்பம். காலையில ஆளுக்கொரு நிரை பிடிச்சுக் குடுப்பாங்க, நிரைக்கு நடுவுல ஒரு ஆள் போற தடம் இருக்கும், அம்மா அதை சந்துன்னுதான் சொல்லும். எதிர் மலையில நின்னு பாருங்க, தோட்டமே படக்கதைப் பக்கம் மாதிரி தெரியும். சந்துல ஆள் நுழைஞ்சாதான் கொழுந்து கூடைக்கு வரும், நீங்க சொல்ற வெள்ளைக்குள்ள படிக்கிறவன் நுழையற மாதிரியே. நிரைச்சந்து, இல்ல வெறும் சந்து.

குன்னூரிலிருந்து, செவ்வாய் மதியம்

தம்பி சொல்ற காட்சி அழகா இருக்கு, ஆனா சந்து வடமொழி சந்தியோட உறவுன்னு நினைக்கிறேன், நமக்கு நம்ம இலக்கணத்துலயே சொல் இருக்கு. எச்சம். தொல்காப்பியர் எச்சவியல்ல பத்து எச்சம் சொல்றார், அதுல குறிப்பெச்சத்தைப் பாருங்க, சொல்லாம விட்டதை கேக்கறவன் உணர்ந்து முடிக்கணும். இந்த வெள்ளை செய்யற வேலையும் அதானே? எச்சத்துக்கு மகன்னும் பொருள் இருக்கு. "தக்கார் தகவிலர்" குறள்ல வர்ற எச்சத்துக்கு பரிமேலழகர் நன்மக்கள்னே உரை சொல்றார். இப்ப புறநானூறு 213 எடுங்க, கோப்பெருஞ்சோழன் சொந்த மகன்கள் ரெண்டு பேர் மேலயே போருக்குக் கிளம்பறான், புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார், அவங்க தோத்தா உன் செல்வம் "யார்க்கெஞ் சுவையே"ன்னு கேக்கறார், நீ தோத்தா பழிதான் எஞ்சும்ங்கறார். எஞ்சு, எச்சம், ஒரே வேர். அம்மா உங்க கதையிலயும் அப்பன் கேக்கறது இதே கேள்விதானே?

கோத்தகிரியிலிருந்து, செவ்வாய் இரவு

ஆமாங்க ஐயா, படிச்சதும் எனக்கு சிலிர்த்துப் போச்சு. 500 வருஷம் கழிச்சு உனக்குன்னு என்ன மிஞ்சும்னு அப்பா கேக்கறார், நீங்க இருப்பீங்கப்பான்னு மகன் சொல்றான். ஆனா ஐயா, பிள்ளைங்களுக்கு எச்சம்னா காக்கா எச்சம். பலகையில எழுதின உடனே பின் பெஞ்ச் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் அமைதியா பார்க்க மாட்டாங்க. எனக்கு அந்த அமைதி வேணும்.

அரவேனுவிலிருந்து, செவ்வாய் இரவு

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். பெட்லாடாவுல பழைய சிற்பக் கல்லெல்லாம் இருக்கு, பார்த்திருப்பீங்க. வீரக்கல்லுன்னாலே பொதுவா அடுக்கடுக்கா இருக்கும், கீழ சண்டை, நடுவுல செத்த வீரனைப் பெண்கள் வானத்துக்கு கூட்டிட்டுப் போறது, மேல சாமி முன்னாடி அவன் உக்காந்திருக்கிறது. கீழ் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் நடுவுல ஒரு பட்டை ஓடும், வீரன் செத்தது அந்தப் பட்டையிலதான். கட்டடக் கலையில பட்டிகைன்னு ஒரு சொல் இருக்கு, அதை எடுத்துக்கலாமே.

ஊட்டியிலிருந்து, புதன் காலை

பட்டிகை துருத்திக்கிட்டு நிக்கிறது அண்ணா, நமக்கு வேண்டியது காலி இடம். அதோட என் பையன் பத்தாவது படிக்கிறான், பட்டிகைன்னா பட்டியலான்னு கேக்கறான். அப்புறம் மனசுல பட்டதை சொல்லிடறேன், இவ்ளோ ரத்தம் இருக்கிற கதைதான் கிடைச்சுதா?

கோத்தகிரியிலிருந்து, புதன் மதியம்

யோசிச்சுதான் எடுத்தேன்க்கா. என் வகுப்புல அப்பாகிட்ட அடி வாங்கின பிள்ளைங்க இருக்காங்க, அவங்க அதை ஒருநாளும் வாயால சொல்லப் போறதில்ல. பறக்கிற அப்பா, கிரகம்னு தள்ளி இருக்கிறதால இந்தக் கதையை வச்சுப் பேசிடலாம். ரத்தம் இருக்கிற பக்கத்துல மூணே மூணுதான் அச்சுல வருது.

கூடலூரிலிருந்து, புதன் இரவு

குன்னூர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்க சொன்ன 213ஐ எடுத்துப் பார்த்தேன். திணை வஞ்சி, துறை துணைவஞ்சி. துணைவஞ்சின்னா போருக்குப் போறவனை சந்து செய்து, அதாவது சமாதானம் பண்ணி, மீட்கறதுன்னுதானே உரை சொல்லுது? அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல புலவர் போய் நின்ன இடத்துக்குப் பேரே சந்துதான் ஐயா. எங்கம்மாவோட அந்தச் சொல்லும் உரையில இருக்கு.

ஊட்டியிலிருந்து, புதன் இரவு

நான் சந்துக்கு மாறிட்டேன். பேச்சுல இருக்கிற சொல், சின்னது, வரிக்குள்ள அடங்கும்.

அரவேனுவிலிருந்து, வியாழன் காலை

சந்து ஓகே. பட்டிகையை விட்டுடறேன்.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் காலை

சந்துன்னே போட்டு ஃபைல் அனுப்பிட்டேன். தலைப்புல கட்டச்சந்து, உள்ள வெறும் சந்து. எல்லாருக்கும் நன்றி. ஐயா கோவிச்சுக்காதீங்க.

குன்னூரிலிருந்து, வியாழன் மதியம்

கோவம் ஒண்ணுமில்லம்மா. தம்பி துறையை எடுத்துக் காட்டினது சரி, நான்தான் பார்த்திருக்கணும். ஆனா என் மறுப்பு பதிவுல இருக்கட்டும். சோழன் கதையில நடுவுல போய் நிக்க ஒரு எயிற்றியனார் இருந்தார், அதனால அங்க சந்து. நீங்க சொல்ற கதையில மகனோட பதிலைக் கேட்டு அப்பன் ஓங்கின கையை இறக்கிட்டு பூமியை விட்டே பறந்து போயிடறான், யாரும் சமாதானம் பண்ணல, மகன் அங்கேயே கிடக்கான். ஓங்கின கைக்கும் அவன் போனதுக்கும் நடுவுல இருக்கிற வெள்ளையை மட்டும் நான் எச்சம்னுதான் படிப்பேன். அடுத்த பதிப்பு போட்டா இதை ஒரு வரி அடிக்குறிப்பா சேர்க்கணும்னு கேட்டுக்கறேன்.