உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக வரவிருப்பவர்களின் சொல்லறிவை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: ஞாயிறு வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டணமின்றி வகுப்பு எடுத்து வருகிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் உள்ள 150 வினாக்களில் ஆங்கிலத்துக்கு உரியவை 30 மட்டுமே. ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவரும் 60 வினாக்களைக் கணிதம், அறிவியலிலோ சமூக அறிவியலிலோதான் எழுதியாக வேண்டும். அதனால் ஒருவருடைய ஆங்கிலச் சொல்லறிவு உண்மையாகவே எடைபோடப்படுவது, 2018ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் நியமனத்துக்கென்று தனியே வந்த போட்டித் தேர்வில்தான். அதற்காகவே உயர்நிலைச் சொற்களுக்கு மட்டும் ஒரு மாதிரித் தேர்வு தயாரித்தேன்.

தேர்வர்கள் கையில் வைத்திருக்கும் சொற்பட்டியல்களிலிருந்தே 40 சொற்களை எடுத்து, ஒரு சொல்லுக்கு நான்கு தெரிவுகள் என்று கொள்குறி வினாக்களாக அமைத்தேன். அவற்றுள் ஒன்று 'ஃப்ரூகல்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டது. 'எக்ஸ்ட்ராவகன்ட்' (ஊதாரித்தனமான) என்பதுதான் என் விடைக்குறிப்பு. 'ஜெனரஸ்' என்பதும் தெரிவுகளில் ஒன்றாக இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் 'ஜெனரஸ்' என்று குறித்திருந்தார்கள். நான் அதைத் தவறு என்றபோது ஒரு தேர்வர் எழுந்து, "ஐயா, கஞ்சனுக்கு எதிர் வாரி வழங்குகிறவன்தானே? அதில் என்ன பிழை?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் எனக்கே நிறைவளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வினாத்தாளை மறுபடி பார்த்தேன். 40 வினாக்களிலும் நான் அளந்தது பட்டியலை மனப்பாடம் செய்த உழைப்பைத்தான் என்று தோன்றியது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் முன் நிற்கப் போகும் ஒருவரிடம் எந்தச் சொற்களை, எந்த வகையில் கேட்பது முறை? வினாத்தாள் அமைத்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: சுண்ணக்கட்டி

வணக்கம் ஐயா. நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் 'ஃப்ரூகல்' வினாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த ஒரு வினாவுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சிக்கனத்துக்கு எதிர் ஊதாரித்தனம். கஞ்சத்தனத்துக்கு எதிர் ஈகை. 'ஃப்ரூகல்' சிக்கனத்தின் பக்கம் நிற்கும் சொல். 'ஸ்டிஞ்சி' கஞ்சத்தனத்தின் பக்கம் நிற்கும் சொல். சிக்கனமாக வாழ்பவர் பிறருக்கு வாரி வழங்குபவராகவும் இருக்கலாம், ஆகவே 'ஃப்ரூகல்', 'ஜெனரஸ்' என்ற இரண்டு குணமும் ஒரே மனிதரிடம் முரண்பாடின்றி இருக்க முடியும். உங்கள் தேர்வர் 'கஞ்சன்' என்று சொன்னாரே, அந்த இடத்திலேயே அவர் கற்ற பிழை வெளிப்பட்டுவிட்டது. அவர் படித்த பட்டியலில் 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'கஞ்சமான' என்ற ஒரே பொருள் போடப்பட்டிருக்க வேண்டும். விடைக்குறிப்பு சரிதான். ஆனால் வாக்கியம் எதுவும் இல்லாமல் தனிச் சொல்லை நிறுத்தி எதிர்ச்சொல் கேட்டது வினாவின் குறை. "வருமானம் உயர்ந்த பின்னும் அவர் எளிய உணவு, பழைய மிதிவண்டி என்று ஃப்ரூகலாகவே வாழ்ந்தார்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் கொடுத்துக் கேட்டிருந்தால், சொல்லை அறிந்தவர் தெளிவாக விடை கண்டிருப்பார், அறியாதவருக்கும் வாதிட இடம் இருந்திருக்காது.

ஆசிரியருக்கு வேண்டிய சொல்லறிவில் பொருள் ஒரு பகுதிதான். அந்தச் சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது, புகழ்ச்சியா இகழ்ச்சியா, பேச்சுக்கு உரியதா எழுத்துக்கு உரியதா என்பனவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை பத்தாம் வகுப்புக் கட்டுரை ஒன்றில், காலம் தவறாமையால் தங்கள் தலைமையாசிரியர் 'நட்டோரியஸ்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் அகராதியில் பார்த்தது 'பெயர் பெற்ற' என்பதை மட்டுமே. கெட்ட காரணத்துக்காகப் பெயர் பெற்ற என்ற பாதி விடுபட்டிருந்தது. அதே விடைத்தாளை அப்போது எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் எழுத்துப்பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'நல்ல சொல்லாட்சி' என்று எழுதியிருந்தார். கடினமான சொற்கள் அவருக்கு நிறையத் தெரியும். இந்தச் சொல்லும் தெரியும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிஞர்களே கருத்து வேறுபடும் சொற்களைத் தேர்வில் வைக்காதீர்கள். 'டிஸ்இன்டரெஸ்டட்' என்றால் நடுவுநிலையான என்பதே பொருள், ஆர்வமற்ற என்று எழுதுவது பிழை என்று நாங்கள் படித்தோம். இன்றைய அகராதிகள் இரண்டு பொருளையும் பதிவு செய்கின்றன. அப்படிப்பட்ட சொல்லை வைத்து ஒருவருடைய வேலைவாய்ப்பைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

மறுமொழி: மேல்நிலை ஆங்கிலம்

ஐயா சொன்ன பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் சொற்களின் எண்ணிக்கையை அளப்பதே வீண் வேலை என்ற முடிவுக்கு நாம் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் முதுகலை ஆசிரியர். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவல், நாளிதழ் போன்ற எழுத்துகளைப் பிறர் உதவியின்றிப் படிக்க ஏறத்தாழ 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததே ஒரு சொற்குடும்பம். ஒரு பக்கத்தில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது என்பதை அளவுகோலாகக் கொண்டு அவர் அந்தக் கணக்கைச் செய்தார். ஓர் ஆங்கில ஆசிரியரால் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை அகராதி புரட்டாமல் படிக்க முடியவில்லை என்றால், அவர் பாடநூலைத் தாண்டி எதையும் வகுப்புக்குக் கொண்டு வர மாட்டார். நோட்ஸை நம்பியே காலம் தள்ளுவார். ஆழம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அகலம் இல்லாத இடத்தில் ஆழத்தைத் தேடிப் பயனில்லை.

அகலத்தை அளப்பதற்கு உங்கள் 40 சொற்களைத் தேர்ந்தெடுத்த முறைதான் பொருந்தவில்லை. கோச்சிங் சென்டர் பட்டியல்களில் வரும் சொற்கள் அரிதாக இருப்பதாலேயே பட்டியலுக்கு வந்தவை. நேஷனும் டேவிட் பெக்லரும் 2007இல் வெளியிட்ட சொல்லளவுத் தேர்வைப் பாருங்கள். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 14,000 சொற்குடும்பங்களை ஆயிரம் ஆயிரமாக 14 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலிருந்தும் 10 சொற்கள் என்று மொத்தம் 140 வினாக்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் 80 வினாக்களுக்குச் சரியாக விடையளித்தால் அவருக்கு ஏறத்தாழ 8,000 சொற்குடும்பங்கள் தெரியும் என்று கொள்ளலாம். சோற்றுப் பானையில் ஒரு பருக்கையை எடுத்துப் பதம் பார்ப்பது போன்ற முறை இது. ஆனால் பானையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் தேர்வர் எந்தப் படியில் தடுமாறத் தொடங்குகிறார் என்பது இதில் தெரிந்துவிடும். நான் கவனித்த வரையில், பட்டியல் படித்துத் தேறியவர்கள் அரிய சொற்களுக்குச் சரியாக விடை சொல்லிவிட்டு நான்காவது, ஐந்தாவது படிகளில் விழுகிறார்கள்.

அதோடு, கல்வித்துறை எழுத்துகளில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்துத் தந்திருக்கிறார். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'எவால்வ்' போன்ற சொற்கள் அதில் இருக்கும். அந்தத் தொகுப்பை முழுமையாகக் கேளுங்கள். பார்ப்பதற்கு எளிமையாகத் தெரியும், ஆனால் அறிவியல் பாடத்தை ஆங்கில வழியில் படிக்கும் மாணவர் சந்தேகம் கேட்டு வருவது இந்தச் சொற்களுக்காகத்தான்.

மறுமொழி: தேர்வுக்குப் படிப்பவள்

ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். நான் தேர்வு எழுதும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது என்று மூன்று மாதங்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவள் நான். உண்பதிலும் குடிப்பதிலும் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்பவரைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' என்ற சொல்லுக்கு மாதிரித் தேர்வில் சரியான விடை எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எங்கும் படித்ததுமில்லை, எழுதியதுமில்லை.

பி.எட். பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "மிஸ், சீ, லுக், வாட்ச் மூணுமே பார்க்கிறதுதானே, எதுக்கு மூணு வார்த்தை?" என்று கேட்டான். நான் தமிழில் 'பார்', 'பார்', 'பார்' என்றுதான் மூன்றுக்கும் பொருள் படித்திருந்தேன். அன்று கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்று, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தச் சிறுவனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கண்ணில் படுவது 'சீ', வேண்டுமென்று கண்ணைத் திருப்புவது 'லுக்', நடப்பதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்' என்று நானே தேடித் தெரிந்து கொண்டது பிறகுதான். கண்ணில் பட்டது, திரும்பிப் பார்த்தான், வேடிக்கை பார்த்தான் என்று தமிழிலேயே அவனுக்கு அழகாகச் சொல்லியிருக்கலாம். உயர்நிலைச் சொல்லறிவு என்று நீங்கள் வைக்கும் தேர்வில் இத்தகைய கேள்விகளும் இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பும் தேர்வில் விளக்கம் எழுத இடமில்லையே. ஆழத்தை எப்படிக் கேட்க முடியும்?

மறுமொழி: சுண்ணக்கட்டி

நல்ல கேள்வி அம்மா. ஹாங்காங்கில் ஆங்கில ஆசிரியர்களுக்கென்று 2001 முதல் ஒரு மொழித்திறன் மதிப்பீடு நடக்கிறது. அதன் எழுத்துத் தாளில், மாணவர் எழுதிய கட்டுரை ஒன்றைக் கொடுத்து, பிழைகளைத் திருத்துவதோடு அது ஏன் பிழை என்று விளக்கவும் சொல்கிறார்கள். வகுப்பறையில் ஆசிரியர் பேசும் ஆங்கிலத்தையும் நேரில் வந்து மதிப்பிடுகிறார்கள். பெருந்திரளானோர் எழுதும் நம் தேர்வில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனாலும் அந்த நோக்கத்தைக் கொள்குறி வினாவுக்குள் கொண்டு வர வழி இருக்கிறது.

மாணவர் ஒருவர், மருத்துவர் காயத்தைக் 'கியூர்' செய்தார் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதியிருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிழையான சொல் எது என்று கேட்காமல், இந்தப் பிழைக்கு ஆசிரியர் தர வேண்டிய சரியான விளக்கம் எது என்று கேளுங்கள். 'கியூர்' வினைச்சொல் அன்று என்பது ஒரு தெரிவு. அது இறந்த காலத்தில் வராது என்பது இன்னொன்று. அது பேச்சு வழக்குச் சொல் என்பது மூன்றாவது. அது நோயோடு சேரும் சொல், காயத்தோடு 'ஹீல்' என்பதே சேரும் என்பது நான்காவது. முதல் மூன்றும் அரைகுறையாகப் படித்தவர் உண்மையிலேயே சொல்லக் கூடிய விளக்கங்கள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட முடியாது. நோய் தீரும், புண் ஆறும் என்று தமிழும் இதே வேறுபாட்டைக் காட்டுகிறது என்பதால், இந்த வினாவைத் திருத்தும் வகுப்பே ஒரு நல்ல பாடமாகிவிடும்.

மறுமொழி: மேல்நிலை ஆங்கிலம்

ஐயாவின் மாதிரி வினா மிகச் சிறப்பு. என் வகுப்பிலும் பயன்படுத்திக் கொள்கிறேன். ஊகத்தைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். நான்கு தெரிவுகள் உள்ள 40 வினாக்களில் எதுவுமே தெரியாதவரும் ஊகத்தால் சராசரியாகப் பத்தைச் சரியாகக் குறித்துவிடுவார். நீங்கள் நடத்துவது பயிற்சித் தேர்வு என்பதால் தொடக்கத்தில் ஒரு சிறு பட்டியல் கொடுத்து, தெரிந்த சொற்களுக்கு மட்டும் குறியிடச் சொல்லலாம். அதில் ஆங்கிலம் போல ஒலிக்கும், ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள் சிலவற்றையும் கலந்து வையுங்கள். அவற்றுக்கும் குறியிட்டவர் தம் அறிவை மிகையாக எண்ணுகிறார் என்று புரிந்து கொள்ளலாம். சொல்லறிவு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கையாளும் முறைதான் இது. இதை யாரையும் பிடித்துக் கொடுப்பதற்கான பொறியாக்க வேண்டாம். மதிப்பெண்ணை அறிவிக்காமல், அந்தத் தேர்வரிடம் தனியாக மட்டும் பேசுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஞாயிறு வகுப்பு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே வினாத்தாளைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் 20 வினாக்களை மூன்றாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரையிலான படிகளிலிருந்து எடுக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் வரும். அடுத்த 15 வினாக்கள் மாணவர் வாக்கியமும் ஆசிரியர் விளக்கமுமாக இருக்கும். கடைசி ஐந்தை மட்டும் வாய்மொழியாகக் கேட்கப் போகிறேன்: 'சீ', 'லுக்', 'வாட்ச்' போன்ற ஒரு தொகுதியைக் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குச் சொல்வது போலத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு நிமிடம் விளக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஓஎம்ஆர் தேர்வில் அது வராது என்று தேர்வர்கள் முணுமுணுக்கலாம். அவர்களிடம் நானே பேசிக் கொள்கிறேன்.

'ஃப்ரூகல்' வினாவில் வாதிட்ட அந்தத் தேர்வரிடம் சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை இன்று தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், "அப்போ காந்தி ஃப்ரூகல், ஆனா ஸ்டிஞ்சி இல்ல, சரிங்களா ஐயா?" என்று கேட்டார். அந்த எடுத்துக்காட்டையே புதிய வினாவாக்கிவிட்டேன்.

இரண்டாம் பகுதிக்கு இன்னும் ஒன்பது வாக்கியங்கள் குறைகின்றன. உங்கள் மாணவர்களின் கட்டுரை நோட்டுகளில் 'நட்டோரியஸ்', 'கியூர்' போன்று இடம் மாறி வந்த சொற்கள் இருந்தால், மாணவர் பெயரை விடுத்து அந்த வாக்கியத்தை மட்டும் இங்கே எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்செடுக்க வசதியாக இருக்கும்.