உயிர்மீட்புச் சிட்டை: ஒரு மாற்று முன்மொழிவு

வணக்கம் ஐயா. இதயம் நின்றுபோனவரைப் பிழைக்கவைக்கச் செய்யும் முயற்சிகளை நேரத்தோடு குறிக்கும் 'ரிசசிடேஷன் ரெக்கார்டு' என்ற தாளுக்குத் தமிழ்ப் பெயராகத் தாங்கள் முன்மொழிந்த 'புத்துயிரூட்டல் பதிவேடு' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு முயன்றும் உயிர் திரும்பாதவருக்கும் இதே தாளைத்தான் எழுதுகிறோம். அந்தத் தலைப்போடு அதன் நகலை இறந்தவரின் மகனிடம் நீட்ட எனக்கு மனம் வராது. 'புத்துயிரூட்டல்' பலனைச் சொல்லிவிடுகிறது; 'உயிர்மீட்பு' என்றால், மீட்புப் பணி என்பதைப் போல, முயற்சியை மட்டும் சொல்லும்.

'பதிவேடு' என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் செவிலியர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் தாளத்தைப் பார்ப்பது, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் செலுத்துவது, மார்பை அழுத்துபவரை மாற்றுவது என எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கவே ஒருவர் கட்டிலருகில் நிற்பார். கணினி வந்த பிறகும் அவர் கை முதலில் தேடுவது எழுதக் கிடைக்கும் ஏதாவது ஒன்றைத்தான். அண்மையில் நான் எழுதியது கையுறைப் பெட்டியின் மூடியில்: '2.14 அட்ரி, 2.16 ஷாக், 2.18 அட்ரி'. பிறகு பார்த்தால், இதயத்துக்கு மின்னதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி அச்சிட்ட பட்டையில் அதே ஷாக் 2.20 என்றிருந்தது, அதன் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட நான்கு நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. கணினியோ, நான் உட்கார்ந்து ஏற்றிய 3.05ஐ எல்லாவற்றுக்கும் நேரமாகப் போட்டு வைத்திருந்தது.

ஆகவே கணினியில் இருந்தால் 'மின்பதிவு', தாளில் இருந்தால் 'தாள்பதிவு' என்ற பிரிவினை விஷயத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து. நிகழ்ந்த நொடியில் குறித்ததா, நினைவிலிருந்து பிறகு எழுதியதா என்பதே வேறுபாடு. நம் கடைக்காரர்கள் இதற்கு எப்போதோ சொல் வைத்துவிட்டார்கள்: அன்றாட வரவு செலவை அவ்வப்போது குறிப்பது சிட்டை, அதைப் பார்த்து ஏற்றுவது பேரேடு. கட்டிலருகே கைக்கணினியில் பொத்தானை அழுத்தி நேரம் பதித்தாலும் அது சிட்டைதான். மறுநாள் நினைவுகூர்ந்து அழகான கையெழுத்தில் நிரப்பிய தாள் பேரேடுதான். கைக்கணினியில் நேரம் தானாக விழும், எழுத்தும் தெளிவு. ஆனால் பட்டியலுக்குள் பட்டியலைத் திறந்து மருந்தைத் தேடும்போது கண் நோயாளியை விட்டு விலகிவிடுகிறது.

'சிட்டை' என்றதும், நில வருவாய் ஆவணமான 'சிட்டா'வா என்று யாரேனும் கேட்கலாம். 'உயிர்மீட்புச் சிட்டை' என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. மலையாளத்தில் 'சிட்ட' என்பது ஒழுங்குமுறையைக் குறிப்பதால், உடன் பணிபுரிபவர்கள் காதிலும் நல்லவிதமாகவே விழும்.

எழுதுபவரைப் 'பதிவாளர்' என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. 'சிட்டையர்' என்பதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். ஒருவரின் இதயம் நின்றால் மருத்துவக் குழுவை அவசரமாக அழைக்கும் 'கோட் புளூ' என்ற அறிவிப்பை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம். எங்கள் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு ஓடி வருபவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.